வீட்டுத்திட்டம் வீடான கதை

செட்டிகுளத்துப் பக்கம் வந்து யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "நேர போங்கோ, ஒரு இந்தியன் வீட்டுத்திட்டம் வரும். அதுக்கு அங்கால தகரக் கொட்டில் ஒண்டு. அதைத் தாண்டினா ரெண்டாவது வீட்டுத்திட்டம்தான் நீங்கள் கேக்கிற இடம்" என்பார்கள். மற்ற ஊர்களில் திட்டம் என்றால் கந்தோரில் கிடக்கும் கோப்பு. எங்களுக்கு அது சுவரும் கூரையும் உள்ள ஒரு பொருள். "உங்களுக்கு வீட்டுத்திட்டம் வந்திட்டுதோ?", "வீட்டுத்திட்டத்துக்குப் பூச்சு முடிஞ்சுதோ?", "அவை வீட்டுத்திட்டத்தைப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்குப் போட்டினம்" என்று சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். யார் காசு கொடுத்தார்கள் என்பதும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இந்தியன், ஈயூ, செஞ்சிலுவை என்று வீடுகளுக்கும் குலம் கோத்திரம் உண்டு.

அந்தச் சொல் வீடான விதத்தை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதைவிட, அந்த வீடுகளுக்குள் படுக்கிறவர்களின் நித்திரையை அது என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும்.

திட்டத்தின் வேர் வன்னியில் இல்லை. 1978இல் பிரதமராகவும் வீடமைப்பு அமைச்சராகவும் இருந்த ரணசிங்க பிரேமதாச ஒரு இலட்சம் வீட்டுத்திட்டத்தைத் தொடங்கினார். 1984இல் அது பத்து இலட்சம் வீட்டுத்திட்டமாக வளர்ந்தது. வளர்ந்தபோது அதன் குணமும் மாறிவிட்டது. முதலாவதில் அரசாங்கம் பெரும்பாலும் தானே கட்டிக் கொடுத்தது. இரண்டாவதில் சிறு கடனும் ஆலோசனையும் கொடுத்து, உன் வீட்டை நீயே கட்டு என்றது. குறைந்த காசில் கூடிய வீடு என்பது அதன் ஒரு நியாயம். கட்டுகிறவனுக்குத்தான் தன் குடும்பம் எத்தனை பேர், அடுப்பு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று தெரியும் என்பது மற்றது. 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்ததற்கும் பிரேமதாச அங்கே வைத்த முன்மொழிவுதான் தொடக்கம்.

நல்ல யோசனைதான். ஆனால் 1983க்குப் பிறகு எங்கள் பக்கம் வீடு கட்டும் காலம் போய், வீட்டை விட்டு ஓடும் காலம் வந்துவிட்டது.

அந்த யோசனை வடக்கு கிழக்குக்குப் பெரிய அளவில் வந்து சேர்ந்தது கடலோடுதான். 2004 டிசம்பர் 26இல் அலை அடித்த பிறகு, முழுதாக அழிந்த வீட்டுக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, நான்கு தவணைகளில் என்று விதி வந்தது. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. உலக வங்கியின் காசில் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டமும் உரிமையாளரே கட்டும் அதே முறையில் போனது. நான்கு தவணை என்ற அந்தக் கணக்குத்தான் பிறகு வன்னிச் சனத்தின் காலக்கணக்காக ஆனது. பிள்ளை பிறந்தது "ரெண்டாம் தவணை வந்த மாசம்" என்று ஒரு தாய் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தவணைகள் வன்னிக்கு வருமுன், வீடு என்ற ஒன்று முற்றாக இல்லாமற்போன காலம் ஒன்றுண்டு.

2008இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து சண்டை கிழக்காக நகர நகர, சனம் வீட்டைக் கழற்றிக்கொண்டு வெளிக்கிட்டது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கூரையிலிருந்து ஓட்டை இறக்கினார்கள். யன்னலைப் பெயர்த்தார்கள். கதவையும் கதவு நிலையையும் சுவரிலிருந்து கிளப்பி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். போகிற இடத்தில் நட்டுவிடலாம் என்ற நம்பிக்கை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் பெட்டியிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஓடு. பிறகு கட்டில். நிலைதான் கடைசி வரை வந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சில நிலைகள் பதுங்கு குழிக்கு மேல் குறுக்கே கிடந்து மண்மூட்டை தாங்கின.

அங்கிருந்து வெளியே வந்தவர்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுவந்து விட்டது எங்கள் செட்டிகுளத்தில். மன்னார் வீதியோரம் காட்டை வெட்டித் துப்புரவாக்கி மெனிக்பாம் முகாம் எழும்பியது. 2009 நடுப்பகுதியில் அதற்குள் 2 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம். வவுனியா நகரத்தைவிடப் பெரிய ஒரு நகரம் சில வாரங்களில் முள்வேலிக்குள் முளைத்தது. வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரிய தமிழர்களின் பெயர்கள். கதிர்காமரில் தகரக் கொட்டில்கள் இருந்தன. மற்ற வலயங்கள் பலவற்றில் கூடாரங்கள்தான். ஐந்து பேருக்கென்று அளவெடுத்த கூடாரத்தில் இரண்டு குடும்பங்கள். ஓகஸ்ட் மழைக்கு மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன.

மனம் என்று பார்த்தால், அந்தக் கூடாரத்தில் இல்லாத பொருள் கதவுதான். கதவு இல்லாத இடத்தில் பெண் உடுப்பு மாற்ற முடியாது. புருஷனும் பெண்சாதியும் ஒரு வார்த்தை சண்டை பிடிக்க முடியாது. நோயாளி முனக முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழ முடியாது. கை நீட்டினால் அடுத்த கூடாரம். அங்கேயும் ஒரு சாவு. தன் பிள்ளைக்கு அழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவளின் பிள்ளையும் எழுந்து வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். எட்டுச் செலவு இல்லை. அந்தியேட்டி இல்லை. பலருக்குச் சடலமே இல்லை. செத்தவரா, பிடிபட்டவரா, காணாமற்போனவரா என்று தெரியாத இடத்தில் எந்தக் கிரியையைச் செய்வது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியில் நடந்ததைக் கூட்டு மனவடு என்று 2010இல் எழுதினார். தனி ஆளின் நோயாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது, குடும்பமும் ஊரும் உறவும் சடங்கும் சேர்ந்து உடைந்திருக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். ஆளுக்கு மாத்திரை கொடுக்கலாம். ஊருக்கு என்ன கொடுப்பது?

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்து, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம் பேரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதம் பேரிடமும் இருந்தன. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இரண்டும் இன்னும் கூட. வீடு இல்லாததால்தான் இப்படி என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவரவர் கண்டு அனுபவித்த அவலங்களைக் கணக்கில் எடுத்ததும், இடம்பெயர்வால் மட்டும் வந்ததாகத் தெரிந்த வேறுபாடு மறைந்துபோயிற்று என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீடு கொடுத்தால் மனவடு ஆறிவிடும் என்று எவரும் கணக்குப் போடக் கூடாது. வீடு செய்யக்கூடியது வேறு. உள்ளே கிடந்து குமைவதை வெளியே விட அது ஓர் இடம் தரும். அல்லது, தவறாகக் கொடுக்கப்பட்டால், குமைவதற்கு மேல் இன்னொரு பாரத்தை ஏற்றும். வன்னியில் இரண்டும் நடந்தன.

முகாமிலிருந்து ஊருக்கு அனுப்பும்போது கையில் 25 ஆயிரம் ரூபா, ஆறு மாத உலர் உணவு, 12 தகரம். அந்தப் 12 தகரத்துக்குக் கீழே எத்தனையோ குடும்பங்கள் மூன்று நான்கு வருஷம் இருந்தன. பங்குனிச் சித்திரையில் வன்னி வெயிலுக்குத் தகரக் கொட்டிலுக்குள் பகலில் இருக்க முடியாது. சனம் மரத்தடியில் பாய் போட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தியன் வருகிறது. 2010 யூனில் அப்போதைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச டெல்லி போனபோது 50 ஆயிரம் வீடுகள் என்று அறிவிப்பு. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்களை வைத்துக் கட்டினார்கள். மிகுதிக்கு முறை மாறியது. 2012 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், உரிமையாளரே கட்டும் கட்டம் தொடங்கிற்று. வடக்கு கிழக்குக்கு மொத்தம் 46 ஆயிரம் வீடுகள். புது வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, திருத்தத்துக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம். காசு கட்டங் கட்டமாக நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். குறைந்தது 550 சதுர அடி, இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, மலசலகூடம் என்பது அளவு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு அந்தத் திட்டம் கிடைத்தது. புருஷனைக் காணவில்லை. மூத்தவனுக்குப் பதினாலு வயது. மேசனுக்குக் கூலி மிச்சம் பிடிக்க, கல்லைத் தானே அரிந்தார். அச்சை வாடகைக்கு எடுத்து, மணலும் சீமெந்தும் குழைத்து, மகனும் அவரும் நாளொன்றுக்கு இத்தனை என்று கணக்கு வைத்து அரிந்தார்கள். அரிந்த கல்லைப் பச்சையாகக் காயவிட முடியாது, வெடித்துவிடும். காலையும் மாலையும் தண்ணி ஊற்ற வேண்டும். "பகல் முழுக்க யோசினை ஓடிக்கொண்டே இருக்கும் தம்பி. கல்லுக்குத் தண்ணி ஊத்தேக்கை மட்டும் மனம் ஒரு இடத்தில நிக்கும்" என்று ஒருமுறை சொன்னார். உளவளத்துணைப் பயிற்சிகளில் மூச்சைக் கவனி என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்த அக்கா கல்லைக் கவனித்தார்.

நிலை வைத்த அன்று நானும் பிடித்துக்கொள்ளப் போனேன். வேம்பில் அறுத்த நிலை. காலை ஏழரைக்கு நேரம். மஞ்சளில் தோய்த்த துணியில் நவதானியமும் ஒரு ரூபாக் குற்றியும் முடிந்து மேல் நிலையில் கட்டினார்கள். மாவிலை செருகினார்கள். நான்கு பேர் தூக்கி நிறுத்த, மேசன் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று சரிக்கட்டினார். சுவர் இடுப்பளவுகூட இல்லை. வெறும் அத்திவாரத்தின் மேல் ஒரு நிலை மட்டும் நின்றது. அக்கா அதற்குள்ளால் ஒருமுறை உள்ளே போய், திரும்பி வெளியே வந்தார். சுற்றி நாலு பக்கமும் திறந்து கிடக்க, வாசலால்தான் போனார், வாசலால்தான் வந்தார்.

ஒப்பந்தக்காரர் கட்டிச் சாவி கொடுத்திருந்தால் இந்த ஏழரை மணி வந்திராது. என்னைப் பொறுத்தவரை உரிமையாளரே கட்டும் முறையின் முழுப் பெறுமதியும் அதற்குள் இருக்கிறது. பல வருஷங்களாக எல்லாவற்றையும் மற்றவர்கள் தீர்மானித்த சனம் அது. எங்கே நில், எப்போது சாப்பிடு, எந்த வரிசை என்று கேட்டே பழகியவர்கள். அந்தச் சனத்திடம் வாசல் எந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்பதே பெரிய வைத்தியம்.

ஆனால் அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. தெரிவுக்குப் புள்ளி முறை இருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர், தங்கி வாழ்வோர் எத்தனை, உடல் இயலாதவர் உண்டா, பெண் தலைமையா என்று பார்த்துப் புள்ளி போட்டுப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டினார்கள். ஒளிவு மறைவில்லாத முறைதான். ஆனாலும் பிள்ளைகள் எல்லாரையும் போரில் பறிகொடுத்துவிட்டுத் தனியே மிஞ்சிய கிழவனும் கிழவியும் சின்னக் குடும்பம். சின்னக் குடும்பத்துக்குப் புள்ளி குறைவு. கூட இழந்தவர்களுக்குப் புள்ளி குறைந்துபோன கணக்கு அது. பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தவர்கள் இருந்தார்கள்.

அடுத்தது காணி. வன்னியில் பெரும்பாலான காணி அரசகாணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம், நாங்கள் பேர்மிற் என்கிறோம், அதுதான் உறுதி. பேர்மிற் புருஷனின் பெயரில். புருஷனைக் காணவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் செத்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. எடுக்காவிட்டால் பெயர் மாற்ற முடியாது. ஒரு கையெழுத்துக்கும் ஒரு நம்பிக்கைக்கும் நடுவில் பெண்கள் ஏ.ஜி.ஏ. கந்தோர் வாங்கில் குந்தியிருந்தார்கள். வாரிசுரிமையில் ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்த அந்தச் சட்டத்தின் பகுதி 2022இல்தான் திருத்தப்பட்டது.

கிடைத்தவர்களுக்கும் கடன் வந்தது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடு எழும்பினால் மணலுக்கும் மேசனுக்கும் விலை ஏறாமல் என்ன செய்யும்? 5 இலட்சத்து 50 ஆயிரம் கூரையோடு முடிந்துவிடும். அடுத்த தவணை வேண்டுமானால் இந்தக் கட்டத்தை முடித்திருக்க வேண்டும், முடிக்க வேண்டுமானால் கையில் காசு வேண்டும். அந்த இடைவெளியில் நகை அடைவுக்குப் போனது. பிறகு குழுக்கடன். கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் காசு சேர்க்க வருவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பின்வாசலால் வெளிக்கிடப் பழகிய பெண்கள் எத்தனை பேர். புதுவீட்டுக்கு இரண்டு வாசல் இருந்தது இதற்கும் உதவிற்று. நுண்கடன் தற்கொலைகள் பற்றிய செய்திகள் வந்து, 2018இல் வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் இறங்கி வரவேண்டி இருந்தது. எங்கள் அக்கா அந்த நாட்களில் சொன்னது: "வீட்டுத்திட்டம் முடிஞ்சுது தம்பி. வீடுதான் முடியேல்லை."

இடையில் 65 ஆயிரம் இரும்பு வீடுகள் என்று ஒரு பேச்சு வந்தது. 2016 அளவில், ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் உருக்குப் பலகைகளை இறக்கிப் பொருத்துவது. ஒன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம். அதே காலத்தில் உரிமையாளரே கட்டும் கல்வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த தொகை 8 இலட்சம். வெக்கை, துருப்பிடிப்பு, விறகடுப்புப் புகை போக வழியில்லை என்று பொறியியலாளர்களும் வடக்கின் அரசியல்வாதிகளும் சனமும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நல்ல காரியம். அதற்கு எங்கே நிலை வைப்பது?

கேப்பாப்புலவைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2012 செப்டம்பர் கடைசி வாரம் மெனிக்பாம் மூடப்பட்டபோது, கடைசியாக ஏறிய ஆயிரத்துச் சொச்சம் பேரில் அந்த ஊரவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஊர் இராணுவத்திடம். அவர்களைச் சீனியாமோட்டைக் காட்டில் இறக்கி, அதற்குக் கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அங்கே வீடுகளும் கட்டிக் கொடுக்கப்பட்டன. சுவர் இருந்தது, கூரை இருந்தது. ஆனால் 2017 மார்ச் முதலாந் திகதி அந்தச் சனம் இராணுவ முகாம் வாசலுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தது. அவ்வருடம் டிசம்பரில் 133 ஏக்கர் விடப்பட்டது. மிச்சத்துக்காக இன்னும் நெடுநாள் இருந்தார்கள். கல்வீட்டை விட்டுவிட்டு வீதியோரக் கொட்டிலில் மழையிலும் வெயிலிலும் கிடந்தார்கள். வீடு கொடுத்தாயிற்று, பிறகென்ன என்று கேட்டவர்களும் உண்டு. சென்னையில் கூவக்கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களிடமும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். மாதிரிக் கிராமத்துச் சனத்தின் பேச்சைக் கவனித்தால் விடை அதிலேயே இருக்கும். இருக்கிற இடத்தை வீட்டுத்திட்டம் என்பார்கள். போகவேண்டிய இடத்தைத்தான் ஊர் என்பார்கள்.

2018, 2019 காலத்தில் வீடமைப்பு அமைச்சின் மாதிரிக் கிராமங்கள் வந்தன. தவணை வரும் என்று நம்பி, இருந்த கொட்டிலையும் பிரித்துப்போட்டு அத்திவாரம் வெட்டினார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது, தவணை நின்றது. வன்னி முழுக்க யன்னல் மட்டத்தில் நின்ற வீடுகளுக்குள் எருக்கலை முளைத்தது. பாதி வீடு, வீடு இல்லாததைவிடக் கொடியது. காலையில் எழும்பினால் முதலில் கண்ணில் படுவது அது.

போன வருஷம் அக்காவின் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். உள்ளே குசினி இருந்தாலும் சமையல் வெளியே கிடுகுக் கொட்டிலில்தான். சுவரின் ஒரு பக்கம் இன்னும் பூசவில்லை. அவரே அரிந்த கல் வரிவரியாகத் தெரிகிறது. கடன் முடிந்துவிட்டது என்றார். மகன் மத்திய கிழக்கில்.

"இந்த வீட்டில முதல் நாள் ராத்திரி நித்திரை வந்ததோ அக்கா?" என்று கேட்டேன்.

"எங்க வந்தது. குடிபூரலுக்கு வந்த சனம் எல்லாம் போட்டினம். பிள்ளையள் படுத்திட்டுதுகள். கதவைச் சாத்தினன். பூட்டினன். மற்ற அறைக்குள்ள போய் அந்தக் கதவையும் சாத்தினன். சாத்திப்போட்டு, ஒன்பதாம் ஆண்டில இருந்து அழ இருந்ததை எல்லாம் இருந்து அழுதன்."

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"ஒருத்தருக்கும் கேக்கேல்லை, தம்பி."